நங்கூரமிட்ட சிறு படகிலிருந்து ட்ரவுட்: படகு ஆடாமல் நிற்க என்ன வழி?

கரைவாசி

ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு சந்தேகம். ஒற்றை ஆள் பான்டூன்: காற்றடைத்த இரண்டு குழல், நடுவில் சட்டம், இருக்கை, துடுப்பு. ராடு (தூண்டில் கோல்) 10 அடி, 6-ம் எண் மிதக்கும் லைன், தக்கைக்குக் கீழே கைரோனமிட் ஃப்ளை, அதாவது சேற்றில் வளரும் ஒரு சிறு பூச்சியைப் போல முள்ளில் கட்டிய போலி இரை. ஆழம் 5 மீட்டர். இருக்கைக்குப் பின்னால் ஒரே நங்கூரம், 2.5 கிலோ. கயிறு நேராகத் தொங்கும் அளவுக்குத்தான் விட்டிருக்கிறேன். காற்று லேசாக எழுந்தாலே படகு ஊஞ்சலாடுகிறது. தக்கை போட்ட இடத்தில் நிற்காமல் படகோடு இழுபட்டு வருகிறது. எடையைக் கூட்டினால் தீருமா? இல்லை, கயிற்றில்தான் கோளாறா?

அணியம்

கோளாறு மூன்று இடத்தில் இருக்கிறது. எடை அதில் கடைசி.

முதலில் கயிறு. நேராகத் தொங்கும் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கித்தான் இழுக்கும். அலையில் படகு எழும்போது நங்கூரமும் தரையை விட்டு எழும், கொஞ்சம் தள்ளி விழும். இப்படியே நொண்டி நொண்டி நகர்ந்துகொண்டிருக்கும். கயிறு சாய்ந்திருந்தால் இழுப்பு பக்கவாட்டில் போகும், நங்கூரம் தரையோடு கிடக்கும். ஆழத்தைப் போல இரண்டு மடங்கு கயிறு விட்டால் தரையோடு 30 பாகை சாய்வு. மூன்று மடங்கு விட்டால் 20 பாகைக்குக் கொஞ்சம் கீழே. இளங்காற்றுக்கு இரண்டு மடங்கு போதும். தண்ணீர் நன்றாகச் சலசலக்கத் தொடங்கினால் மூன்று மடங்கு.

அடுத்தது, நங்கூரம் ஒன்றே ஒன்று என்பது. 5 மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் கயிறு விட்டால் படகு நங்கூரத்திலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கும். காற்று இந்தப் பக்கம் 20 பாகை, அந்தப் பக்கம் 20 பாகை திரும்பினாலே படகு கிட்டத்தட்ட 10 மீட்டர் நீளத்துக்கு வில் போட்டு அலையும். கயிற்றைக் கூட்டினால் அலைச்சல் கூடும். குறைத்தால் நங்கூரம் பிடிக்காது. ஒற்றை நங்கூரத்தை வைத்துக்கொண்டு இதிலிருந்து தப்ப முடியாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வேண்டும்.

போடும் முறை இது. 5 மீட்டர் ஆழம், இளங்காற்று, இரண்டு மடங்குக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்க நினைக்கும் இடத்திலிருந்து காற்று வரும் திசையில் 9 மீட்டர் மேலே துடுப்புப் போட்டுப் போங்கள். முதல் நங்கூரத்தைக் கையில் பிடித்து மெதுவாக இறக்குங்கள், எறியவே கூடாது. தரை தொட்டதும் காற்றே படகைக் கீழே கொண்டுபோகட்டும். கயிற்றை 18 மீட்டர் வரை விடுங்கள். அங்கே இரண்டாவது நங்கூரத்தை இறக்குங்கள். இப்போது முதல் கயிற்றை இழுத்தபடி, இரண்டாவதை விட்டபடி நடுவுக்கு வாருங்கள். இரண்டு பக்கமும் 10 மீட்டர் ஆனதும் இரண்டையும் பூட்டுங்கள். 6 மீட்டர் ஆழம் வரை மீன் பிடிப்பவருக்கு முதல் நங்கூரத்துக்கு 30 மீட்டர், இரண்டாவதற்கு 20 மீட்டர் கயிறு இருந்தால் போதும்.

காற்று உங்கள் முதுகில் படும்படி பான்டூனை நிறுத்துங்கள். அப்போதுதான் காஸ்ட், அதாவது லைன் வீச்சு, காற்றோடு போகும், ஃப்ளை காதருகே வராது. குழலின் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் பான்டூன் பின்பக்கத்தில் அலையை வாங்கிக்கொள்ளும். பின்பலகை தாழ்ந்த மரப்படகு, அலுமினியப் படகு என்றால் கதை வேறு. அவற்றில் அணியம், அதாவது முன்முனைதான், காற்றைப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைக் காட்டினால் தண்ணீர் ஏறி உள்ளே வரும்.

ஈயக்குண்டு

அணியம் அண்ணா சொன்ன கயிற்றுக் கணக்கோடு எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன் எந்தப் பொருள் என்று கேளுங்கள். தண்ணீருக்குள் போனதும் எல்லாப் பொருளும் எடை இழக்கும், ஆனால் ஒரே அளவில் இல்லை. ஈயம் 9 விழுக்காடுதான் இழக்கும். இரும்பு சுமார் 13. கருங்கல் 38 விழுக்காடு வரை. கான்கிரீட் 40-ஐத் தாண்டும். வலைப்பையில் 5 கிலோ கல்லைப் போட்டு இறக்கினால் ஏரித்தரையில் உங்களைப் பிடித்திருப்பது 3 கிலோதான். அதே 5 கிலோ ஈயம் நாலரைக் கிலோவுக்குப் பிடிக்கும். மணல் மூட்டைக்கும் கல்லின் கணக்கே.

ஒற்றை ஆள் பான்டூனுக்கு ஈயமோ இரும்போ, ஒவ்வொன்றும் 4 முதல் 5 கிலோ. இரண்டு பேர் உட்காரும் 3 மீட்டர் படகுக்கு ஒவ்வொன்றும் 6 முதல் 7 கிலோ. அதற்கு மேல் போனால் நாள் முழுக்கத் தூக்கி இறக்கவே கை ஓய்ந்துவிடும், இடம் மாறச் சோம்பல் வரும். இடம் மாறாதவருக்கு ட்ரவுட் கிடைப்பது அரிது.

வடிவமும் முக்கியம். சேற்றுக்குப் பிரமிடு வடிவமும் காளான் வடிவமும் நல்லது, அமிழ்ந்து உட்காரும். கூழாங்கல் தரையில் அவை உருண்டு வழுக்கும், அங்கே மடக்குக் கொக்கி வைத்தது வேண்டும். கொக்கி நங்கூரம் லேசானது, ஆனால் கம்பு படுத்தால்தான் கொக்கி கடிக்கும். அதற்காக அதற்கு முன்னால் ஒரு மீட்டர் சங்கிலி கோத்துவிடுங்கள். சங்கிலி படகில் உரசிச் சத்தம் போடும். பழைய ரப்பர் குழாய்க்குள் நுழைத்துவிட்டால் சத்தம் அடங்கும்.

கரைவாசி

கயிறு எது வாங்குவது? கையில் இருப்பது மிதக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு.

ஈயக்குண்டு

அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும். தளர்ந்த கயிறு தண்ணீர் மேல் வட்டமாக மிதந்து உங்கள் லைனையும் தக்கையையும் பின்னிக்கொள்ளும். மூழ்கும் கயிறுதான் வேண்டும்: பாலியஸ்டர் அல்லது நைலான், பின்னல் கயிறு. நைலான் நீளும், அலையின் உதறலைக் கொஞ்சம் உள்வாங்கும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது, படகு அசையாமல் நிற்கும். பலத்துக்கு 6 மில்லிமீட்டரே போதும், ஆனால் ஈரக்கையை அறுக்கும். 8 மில்லிமீட்டர் எடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது கைகளை விரித்த நீளத்துக்கும், அழியாத மையால் ஒரு கோடு போட்டுவையுங்கள். எத்தனை விட்டோம் என்று பார்க்காமலே தெரியும்.

குழல்மேல்

ஒரு சந்தேகம். ஃப்ளோட் டியூபுக்கும் (உள்ளே உட்கார்ந்து மிதக்கும் காற்றடைத்த குழலுக்கும்) இதே கணக்கா? டியூபில் காலில் ஃபின், அதாவது நீந்தும் துடுப்புக் காலணி, இருக்கிறதே, உதைத்தே நின்றுவிடலாம் என்கிறார்கள்.

மேல்காற்று

உதைத்து நிற்பது ஒரு மணி நேரத்துக்குச் சரி. ஆனால் தக்கைக்குக் கீழே அசையாமல் ஃப்ளையைத் தொங்கவிட வேண்டுமென்றால் உதைப்பதே எதிரி. ஒவ்வோர் உதைக்கும் படகு அரை அடி முன்னே பின்னே போகும், லைன் இறுகும், ஃப்ளை துள்ளும். அதனால் டியூபிலும் நங்கூரம் பயன்படும். 2 கிலோ ஈயம் போதும், டியூப் காற்றுக்கு அதிகம் முகம் காட்டுவதில்லை.

இரண்டு நங்கூரத்தை மட்டும் டியூபில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இடுப்பு வரை தண்ணீரில், காலில் ஃபின், இரண்டு பக்கமும் கயிறு. மீன் ஓடும்போதும் காற்று எழும்போதும் இரண்டையும் சமாளிக்கக் கை போதாது. ஒரே நங்கூரம், பக்கவாட்டு வளையத்தில், காஸ்ட் செய்யும் கைக்கு எதிர்ப்பக்கம். முகம் கீழ்க்காற்றை, அதாவது காற்று போகும் திசையைப் பார்க்கும். மிச்ச ஆட்டத்துக்குத்தான் ஃபின்.

எந்தப் படகானாலும் ஒரு நிபந்தனை உண்டு. கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. கேம் கிளீட் வையுங்கள். பல் வைத்த இரண்டு கட்டைகள் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும், கயிற்றை மேலே சுண்டினால் விட்டுவிடும். கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டாமல் ஒரு மிதவையில் கட்டுங்கள். ஒரு லிட்டர் மூடிய பிளாஸ்டிக் பாட்டில் போதும், ஆனால் கையிலிருக்கும் கயிறு முழுவதையும் தாங்குகிறதா என்று கரையோரம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆபத்து வந்தால் சுண்டிவிட்டுப் போய்விடலாம், மிதவை நங்கூரத்தின் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், பிறகு வந்து எடுக்கலாம். இதோடு உயிர்காப்புச் சட்டையில், கைக்கு எட்டும் இடத்தில், உறையோடு ஒரு கத்தி. பையில் இருக்கும் கத்தி கணக்கில் வராது.

அணியம்

மேல்காற்று சொன்ன மிதவை யோசனையை அப்படியே ஏற்கிறேன். டியூபில் இரண்டு நங்கூரம் கூடாது என்பதில் மட்டும் ஒரு சிறு மாறுபாடு. காற்றே இல்லாத காலையில், சிறு குட்டை போன்ற ஏரியில், 1.5 கிலோவில் இரண்டாவது ஒன்றை இறக்கினால் டியூப் ஆணி அடித்தாற்போல நிற்கும். காற்று வந்த நிமிடம் அதை எடுத்துவிட வேண்டும். அந்த ஒழுங்கு கைவராதவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இருபாகம்

எல்லோரும் எப்படி நிற்பது என்று பேசுகிறோம். எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதில்தான் பாதி மீன் இருக்கிறது.

ட்ரவுட் பெரும்பாலும் சரிவோரத்தில் மேயும். 3 மீட்டர் மேடை 6 மீட்டருக்கு இறங்குகிற விளிம்பு, நீர்ச்செடி முடிந்து வெறும் சேறு தொடங்குகிற கோடு, நீருக்குள் ஓடும் மேட்டின் முனை. அங்கே படகை நிறுத்திவிட்டு ஆழத்தைப் பார்த்து காஸ்ட் செய்பவர்கள் அதிகம். தவறு அதில்தான். படகுக்கு அடியில் 5 மீட்டர் என்று அளந்து ஃப்ளையை 4.5 மீட்டரில் வைத்திருப்பீர்கள். 12 மீட்டர் தள்ளி விழும் இடத்தில் ஆழம் 7 மீட்டர் இருக்கும். ஃப்ளை தரைக்கு இரண்டரை மீட்டர் மேலே அந்தரத்தில் தொங்கும், மீன் அதற்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். சரிவுக்குக் குறுக்கே அல்ல, சரிவோடு இணையாகக் காஸ்ட் போகும்படி படகைக் கட்டுங்கள். அப்போது படகடியில் அளந்த ஆழமே தக்கை விழும் இடத்திலும் இருக்கும். காற்றின் திசை அதற்கு ஒத்துவராவிட்டால் வேறு சரிவைத் தேடுங்கள், ஒத்துவராத இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம்.

சோனார் (ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) வைத்திருப்பவருக்கு ஒரு குறிப்பு. 20 பாகைக் கூம்பு என்றால் அது தரையில் பார்க்கும் வட்டத்தின் விட்டம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 6 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் வட்டம். திரையில் மீன் தெரியவில்லை என்றால் அந்த இரண்டு மீட்டரில் இல்லை என்றுதான் பொருள். நங்கூரமிட்ட படகின் நிழலுக்கு அடியில் மீன் நிற்காமல் போவதும் உண்டு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஊசித்தட்டான் புழுக்கள் பருவத்தில் கரையோரக் கோரையை நோக்கி நீந்தும், தண்டில் ஏறித் தோல் உரிக்க. அந்த நாட்களில் படகைக் கோரையை ஒட்டி நிறுத்தி, ஆழத்துக்குக் காஸ்ட் செய்து, கரையை நோக்கி இழுங்கள். ஆழத்தில் நின்று கரைக்கு எறிந்து இழுத்தால் உங்கள் ஃப்ளை மட்டும் ஊருக்கு எதிர்த்திசையில் போகும்.

கரைவாசி

இரண்டு நங்கூரம், 8 மில்லிமீட்டர் கயிறு, கிளீட் எல்லாம் மாட்டியாயிற்று. அலைச்சல் நின்றுவிட்டது. இப்போது வேறு தொந்தரவு: கயிற்றை இறுக்கிப் பூட்டினால் ஒவ்வோர் அலைக்கும் படகு வெடுக்கென்று இழுபடுகிறது, பின் நங்கூரம் மெல்ல நகர்கிறது.

அணியம்

இறுக்கம் அதிகம். இரண்டு கயிறும் விரைப்பாக இருந்தால் அலையில் படகு எழ இடமில்லை, அதனால் நங்கூரத்தைத் தூக்குகிறது. அலையின் உயரம் அளவுக்குத் தளர்வு விடுங்கள், ஒரு சாண் உயர அலைக்கு ஒரு சாண். அதுவும் போதாவிட்டால் காற்று வரும் பக்கக் கயிற்றில் அரை மீட்டர் ரப்பர் கயிற்றை இணையாகக் கட்டுங்கள்: ரப்பரின் இரண்டு முனையையும் நங்கூரக் கயிற்றில் கட்டி, நடுவில் கயிறு தொய்ந்து நிற்கும்படி. ரப்பர் முதலில் நீளும், அது முடிந்த பிறகுதான் கயிறு பிடிக்கும். ரப்பர் அறுந்தாலும் படகு போகாது.

தக்கைமேல் கண்

படகு நின்றுவிட்டதென்றால் இனி ஆழம்தான்.

தரையைக் கண்டுபிடிக்க ஃபோர்செப்ஸ் இடுக்கியைக் கீழ் ஃப்ளையின் முள்ளில் கவ்வ வைத்து ராடு முனையிலிருந்து நேராக இறக்குங்கள். இறங்கும் வரை லைன் விரைப்பாக இருக்கும், தரை தொட்டதும் தளரும். தளர்ந்த இடத்திலேயே மேலே இழுத்து, மறுபடி தொடவிட்டு உறுதி செய்யுங்கள். சேறு இடுக்கியை விழுங்கும், அரையடி ஏமாற்றும். இப்போது நீர்மட்டத்தில் லீடரில் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பில்) விரலை வைத்து, அங்கிருந்து ஃப்ளையை நோக்கி 40 சென்டிமீட்டர் இறங்கித் தக்கையைப் பூட்டுங்கள். ஃப்ளை தரைக்கு 40 சென்டிமீட்டர் மேலே நிற்கும். முதல் கால் மணி நேரம் கொத்து இல்லையென்றால் 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அதன் பிறகும் கால் மணிக்கு ஒருமுறை. ஃப்ளையின் நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றுங்கள். இதில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், கைரோனமிட் வாழ்வதே அப்படி. சேற்றுக்குள் புழுவாக இருந்து, கூட்டுப்புழுவாகி, தோலுக்கடியில் வாயு சேரும் வரை தரைக்குச் சற்று மேலே காத்திருந்து, பிறகு மெல்ல எழும். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: கொசுப்புழு போன்ற மெல்லிய உடல், வளையம் வளையமாகக் கணுக்கள், கணுக்களுக்கிடையில் வாயுவால் வெள்ளி மினுக்கு, தலையருகே வெள்ளை மயிர்க்கற்றை போலச் செவுள். செங்குத்தாகத் தொங்கும், இரண்டு நெளிவு நெளியும், ஓயும். வாயைத் திறந்து ஒரு நகர்வு நகர்ந்தால் ட்ரவுட்டுக்கு உணவு. துரத்தத் தேவையே இல்லை. அதனால்தான் பக்கவாட்டில் இழுபடும் ஃப்ளையை அது சீண்டுவதில்லை, கரைவாசி கேட்ட முதல் கேள்வியின் விடை இதுதான்.

ஃப்ளையும் செங்குத்தாகத் தொங்க வேண்டும். முள்ளின் கண்ணில் இறுக்கும் முடிச்சு வேண்டாம், இறுகாத கண்ணி முடிச்சுப் போடுங்கள், கடுகளவு கண்ணி போதும். 12 முதல் 16 வரை முள், வெள்ளை மணித்தலை, நூலால் மெல்லிய உடல், மேலே கம்பிச் சுற்று. டிப்பெட், அதாவது லீடரின் கடைசி மெல்லிய துண்டு, ஃப்ளோரோகார்பன், 4 எக்ஸ் அல்லது 5 எக்ஸ், அதாவது 0.18 அல்லது 0.15 மில்லிமீட்டர். தண்ணீர் தெளிவாக இருந்தால் மெல்லியது. இரண்டு ஃப்ளை போட அனுமதி இல்லாத நீர்நிலைகள் உண்டு, முதலில் விதியைப் பாருங்கள்.

தக்கை கட்டாயம் முளைக்குச்சி வைத்த, இழுத்ததும் கழன்று சரியும் வகையாக இருக்கட்டும். ஃப்ளைக்கு 4.5 மீட்டர் மேலே அசையாத தக்கையைக் கட்டினால் அது ராடு முனையில் வந்து முட்டி நின்றுவிடும். ராடு 3 மீட்டர், மீன் நாலரை மீட்டரில். கைவலை எட்டவே எட்டாது.

கொத்து என்றால் தக்கை முழுகும் என்று காத்திருக்காதீர்கள். நிமிர்ந்த தக்கை படுத்தால் மீன் ஃப்ளையைத் தூக்கியிருக்கிறது. அலைக்கு எதிராக ஓர் அங்குலம் நகர்ந்தாலும் மீன்தான். ராடை உயர்த்துங்கள், உதற வேண்டாம்.

குழல்மேல்

6 மீட்டருக்கு மேல் ஆழம் போனால்? அவ்வளவு நீள லீடரை வீச முடியவில்லை.

தக்கைமேல் கண்

அங்கே தக்கையை விடுங்கள், வேகமாக மூழ்கும் லைனுக்கு மாறுங்கள். டைப் 6 என்றால் நொடிக்கு 6 அங்குலம், 15 சென்டிமீட்டர். 6 மீட்டருக்கு 40 நொடி. டைப் 3 அதில் பாதி வேகம், 80 நொடி. நங்கூரமிட்ட படகில் இன்னொரு வசதி உண்டு: ஆழம் எவ்வளவோ அவ்வளவு லைனை மட்டும் எறிந்து, அது ஊஞ்சல் போலச் சரிந்து உங்கள் ராடு முனைக்கு நேர் கீழே தொங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு விரல்களால் சுருட்டிச் சுருட்டி மெதுவாக மேலே எடுப்பது. ஒரு முழ லைன் ஏற ஐந்தாறு நொடி ஆகட்டும். கூட்டுப்புழு எழும் வழியிலேயே உங்கள் ஃப்ளையும் எழும். படகு ஓர் அடி நகர்ந்தாலும் லைன் சாயும், வித்தை கெடும். இரண்டு நங்கூரம் இல்லாமல் இதைச் செய்ய முயல வேண்டாம். கடைசி ஒரு மீட்டரில் அவசரமாகத் தூக்காதீர்கள், பின்தொடர்ந்து வந்த மீன் அங்கேதான் வாயைத் திறக்கும்.

கரைவாசி

மீன் மாட்டியதும் நங்கூரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டால் என்ன செய்வது? இரண்டு கயிறு இருப்பதால் பயமாக இருக்கிறது.

இருபாகம்

மீன் கயிற்றை நோக்கிப் போகிறது என்று தெரிந்ததும் ராடு முனையைத் தண்ணீருக்குள் ஒரு முழம் இறக்கி, கயிற்றிலிருந்து விலகும் பக்கம் இழுங்கள். மேலே பிடித்து இழுத்தால் அது இன்னும் கயிற்றோடுதான் போகும். சுற்றிவிட்டதென்றால் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். இழுப்பு நின்றால் மீன் பெரும்பாலும் ஓடுவதை நிறுத்தும். அந்த இடைவெளியில் கயிற்றைக் கிளீட்டிலிருந்து விடுவித்து ராடை அதைச் சுற்றி எதிர்த்திசையில் கொண்டுபோங்கள்.

பெரிய மீன் என்று முதல் ஓட்டத்திலேயே தெரிந்தால் கீழ்க்காற்றுப் பக்க நங்கூரத்தை உடனே தூக்கிவிடுங்கள், மேல்காற்றுப் பக்கம் ஒன்று படகைப் பிடித்திருக்கும். ராடை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து மறுகையால் தூக்க வேண்டும், எனவே கயிறு கப்பி வழியாக வந்தால் எளிது. நீளக் கைப்பிடி வைத்த, ரப்பர் வலை போட்ட கைவலை. முள்ளின் கொண்டியை நசுக்கியிருந்தால் மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே விடலாம்.

மேல்காற்று

சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அலுமினியப் படகில் இடுக்கி விழுந்தால் போதும், 3 மீட்டர் தெளிந்த நீரில் இருக்கும் மீன் விலகிவிடும். தரையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். நங்கூரமிட்ட பிறகு பத்து நிமிடம் கழித்து முதல் காஸ்ட், சேறு அடங்கட்டும்.

இனி பாதுகாப்பு. இதை யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம். ஓடும் ஆற்றில் ஃப்ளோட் டியூபையும் சிறு பான்டூனையும் நங்கூரமிடாதீர்கள். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் விசை நான்கு மடங்காகும். கயிறு விரைத்து, கட்டிய பக்கம் தண்ணீருக்குள் இறங்கும், ஒரு மரக்கிளை வந்து கயிற்றில் சிக்கினால் படகு கவிழ நேரம் எடுக்காது. விரைத்த கயிற்றை அப்போது கிளீட்டிலிருந்து சுண்டவும் வராது. ஏரியிலும் பக்கவாட்டில் கட்டிப் பெரிய அலையை வாங்காதீர்கள்.

ட்ரவுட் நீர் என்றாலே குளிர்நீர். பனிக்குளிர் நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கித் திணறும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி. கரைக்குப் போகவும் படகில் ஏறவும் உங்களுக்கு இருப்பது அந்தப் பத்து நிமிடம். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. வேடருக்கு (நீர்புகாக் கால்சட்டைக்கு) மேல் இடுப்புப் பட்டி இறுக்கமாக. அலை முகட்டில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் நங்கூரத்தை எடுத்துக் கரையேறுங்கள், கயிற்றை நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

காற்றடைத்த படகுக்காரர்களுக்கு ஒன்று. வெயிலில் 35 பாகையில் அடைத்த காற்று 10 பாகைத் தண்ணீரில் குளிர்ந்தால் மொத்த அழுத்தம் 8 விழுக்காடு இறங்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் டியூபில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் நாம் ஏற்றுவதே கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சம் அப்படியே போய்விடும். குழல் தொளதொளத்து இருக்கை தாழும். தண்ணீரில் பத்து நிமிடம் கிடக்கவிட்டு மறுபடி அடையுங்கள். திரும்பிக் கரையேறியதும் முதல் வேலையாகக் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், வெயிலில் தையல் பிரியும்.

குழல்மேல்

நங்கூரம் பாறையிலோ மூழ்கிய மரத்திலோ சிக்கினால்?

ஈயக்குண்டு

கொக்கி நங்கூரத்தில் முன்னேற்பாடாகச் செய்ய வேண்டியது இது. கயிற்றை மேல் வளையத்தில் கட்டாதீர்கள். கொக்கிகள் சேரும் அடிமுனையில் கட்டி, கம்பை ஒட்டிக் கொண்டுவந்து, மேல் வளையத்தில் ஒரு மெல்லிய கேபிள் டையால் பிணையுங்கள். சாதாரணமாக இழுப்பு மேல் வளையத்தில் விழும், நங்கூரம் ஒழுங்காகக் கடிக்கும். சிக்கிக்கொண்டால் நேர் மேலே வந்து பலமாக இழுங்கள், கேபிள் டை அறும், இழுப்பு அடிமுனைக்குப் போகும், நங்கூரம் பின்புறமாகக் கழன்று வரும். பையில் நாலைந்து டை கூடுதலாக இருக்கட்டும். தடித்த டை போட்டால் அறாது, அறாத டை போட்டுப் பயனில்லை.

டியூபிலிருந்து இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டு முயற்சியில் வரவில்லையென்றால் மிதவையோடு விட்டுவிட்டு, பெரிய படகில் வந்து எடுக்கலாம்.

அணியம்

எல்லா நாளும் நங்கூரமே சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன் மேல்மட்டத்தில் பரவி மேயும் நாளில் ஸ்காட்லாந்து ஏரிகளில் வழங்கிவரும் லாக் ஸ்டைல் முறையில், படகின் வேகத்தைக் குறைக்கும் நீர்க்குடை ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு காற்றோடு மிதந்து போவது நிறைய நீரைத் தேடித்தரும். கைரோனமிட் பொரிக்கும் நாளில், தரையோரத்தில் மீன் நிற்கும்போது, நங்கூரம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் பக்கத்து ஏரிகளில் இரட்டை நங்கூரத்தோடு ஆட்கள் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பது இதற்காகத்தான்.

வெயில் காலத்தில் வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகை இதம். மேல்நீர் 20-ஐத் தாண்டினால், குளிர்ந்த அடிநீரில் ஆக்சிஜன் போதாமல் இருந்தால், மீன் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் நெருக்குண்டு நிற்கும். அங்கே பிடிபடும், ஆனால் விட்ட பிறகு பிழைக்காது. அந்த நாட்களில் ட்ரவுட்டை விட்டுவிடுங்கள்.

கரைவாசி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: நாளை வேறு ஏரிக்குப் போகிறேன். கயிறு இன்னும் ஈரம், பிரமிடு முழுக்கச் சேறு. அப்படியே கொண்டுபோகலாமா?

இருபாகம்

கூடாது. அந்தச் சேற்றிலும் கயிற்றின் பின்னலிலும் நீர்ச்செடித் துணுக்கு, சிப்பிக் குஞ்சு எல்லாம் உயிரோடு போகும். ஜீப்ரா சிப்பி ஏரிக்கு ஏரி பரவியதில் இப்படிப்பட்ட ஈரச் சாமான்களுக்கும் பங்குண்டு. சேற்றை இந்த ஏரிக் கரையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். கயிற்றைச் சுருளாகக் கட்டாமல் வாளியில் தளர்வாகப் போட்டு எடுத்துப்போய், வெந்நீர் ஊற்றி, கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். வெளியே காய்ந்தாலும் பின்னலுக்குள் ஈரம் நிற்கும், வளைத்துப் பிழிந்து பாருங்கள். நாளைக்குள் காயாது. வேறு கயிறு இருந்தால் அதை எடுத்துப் போங்கள்.